சுவர் தாண்டினால் அவுட்

சென்னை கே.கே. நகரில் எங்கள் தெரு முனையில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. தென்பாதியில் நடைபாதை, நாலு சிமென்ட் பெஞ்சு, ஒரு சறுக்குமரம். வடபாதி புல் முளைக்காத வெறுந்தரை. அதன் கிழக்கே மதிலை ஒட்டி வீடுகள். மேற்கே ஏதோ ஒரு அலுவலகத்தின் ஜன்னலில்லாத பின்சுவர், அதன் ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம். பையன்கள் மேற்குக் கோடியில் மூன்று செங்கல்லை அடுக்கி, கிழக்கே பார்த்து மட்டை பிடிக்கிறார்கள். வீடுகளைப் பார்த்து என்றும் சொல்லலாம்.

போன மே மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் இட்டுவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறார். அரைமணி கழித்து ஏறிப் பார்த்தால் துணியின் ஓரத்தில் ஒரு டென்னிஸ் பந்து. நடுவில் விழுந்து, ஒரு தடவை எகிறி, பிறகு உருண்டிருக்கிறது. கூழில் தடம் அப்படியே பதிந்திருந்தது. கீழே ஆறு குரல்: "பாட்டி, பால் போடுங்க பாட்டி!" பாட்டி பந்தைக் குழாயடியில் கழுவித்தான் போட்டார். வடாம் காயும் மாதமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன, யாரைக் குறை சொல்வது?

அடுத்த வாரம் இரண்டாவது மாடி ஜன்னல் கண்ணாடி போயிற்று. அந்த வீட்டுக்காரர் பந்தைத் திருப்பித் தரவில்லை. பத்து நாளில் பூங்கா வாசலில் ஒரு பலகை முளைத்தது: பந்து விளையாடக் கூடாது. பலகையைப் பையன்கள் படித்தார்கள், அதன் காலிலேயே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். பலகை சரியா, வீட்டுக்காரர் கோபம் சரியா, பையன்கள் பிடிவாதம் சரியா என்று குடியிருப்போர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். அங்கே சொல்லப்பட்ட வாதங்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று நிறுத்துப் பார்க்கத் தோன்றியது.

முதல் வாதம், யார் முன்னால் வந்தது என்பது. "பூங்கா பக்கத்தில் என்று தெரிந்துதானே வீடு வாங்கினீர்கள்?" கேட்பதற்கு நறுக்கென்று இருக்கிறது. ஆனால் கே.கே. நகரில் இது செல்லாது. வீட்டு வசதி வாரியம் செக்டார் செக்டாராகப் பிரித்து மனை போட்ட பேட்டை இது. பூங்காவும் வீடும் ஒரே வரைபடத் தாளில் பிறந்தவை. மாறியது ஒன்றுதான், ஜன்னலின் உயரம். ஓட்டு வீடும் ஒற்றைத் தள வீடும் இருந்தவரை உயரப் போன பந்து ஓட்டிலோ மொட்டை மாடியிலோ விழுந்தது. இன்று அதே மனையில் கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி. பந்து போன வழியிலேயே படுக்கையறைக் கண்ணாடி வந்து நிற்கிறது, அதற்கு மேலே சூரிய மின்தகடு. பூங்காவும் நகரவில்லை, வீடும் நகரவில்லை, கண்ணாடி மட்டும் ஏறிக்கொண்டது.

இந்த "யார் முன்னால்" வாதத்துக்குப் பெரிய இடத்தில் ஒரு ஆதரவாளர் உண்டு. இங்கிலாந்தில் டர்ஹாம் பகுதியின் லின்ட்ஸ் கிராமத்தில் எழுபது வருடமாகக் கிரிக்கெட் ஆடிய மைதானத்தின் ஓரத்தில் 1972-இல் வீடுகள் கட்டினார்கள். பந்து தோட்டத்தில் விழுந்தது, ஓடு உடைந்தது, வழக்கு வந்தது. கிளப் சும்மா இருக்கவில்லை. வேலியை ஏறக்குறைய 15 அடிக்கு உயர்த்தியது. தோட்டத்தின் மேல் வலை கட்டித் தருகிறோம், உடையாத கண்ணாடி போட்டுத் தருகிறோம் என்றது. வீட்டார் ஒப்பவில்லை. 1977-இல் மேல்முறையீட்டில் டென்னிங் பிரபு, கிராமத்துக் கிரிக்கெட்டின் அழகை வர்ணித்துத்தான் தீர்ப்பையே ஆரம்பித்தார். அழகான ஆங்கிலம். ஆனால் வாசித்து முடித்தால் ஒரு சந்தேகம் வரும்: வீட்டுக்குள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா? மூன்று நீதிபதிகளில் இருவர் இது தொல்லைதான் என்றார்கள். ஆட்டத்தை நிறுத்த மறுத்தவர்களும் இருவர். இரண்டு பட்டியலிலும் இருந்தவர் ஒருவர். கடைசியில் நடந்ததற்கும் இனி நடக்கப் போவதற்கும் சேர்த்து 400 பவுண்டு கொடுத்து முடித்தார்கள்.

இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஆட்டத்தை நிறுத்தாதது சரி. ஆனால் நாளைக்கு விழப்போகும் பந்துக்கும் இன்றைக்கே விலை போட்டு முடித்துவிட்டால், அதற்குப் பிறகு வேலியை இன்னும் நாலடி உயர்த்த யாருக்கு அக்கறை இருக்கும்? தொல்லை இருக்கும் இடத்துக்குத் தானே வந்து குடியேறியவர் என்று ஒருவரைத் தட்டிக் கழிக்க முடியாது என்பதை 2014-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் பொதுவாக உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே டென்னிங்கை மேற்கோள் காட்டி வீட்டுக்காரர் வாயை அடைக்க வேண்டாம்.

இன்னொரு பழைய வழக்கைச் சட்டம் படித்த ஒருவர் கூட்டத்தில் எடுத்து வைத்தார். மான்செஸ்டர் பக்கம் சீத்தம் ஹில். 1947 ஆகஸ்ட் 9 அன்று வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண்மணி மீது கிரிக்கெட் மைதானத்திலிருந்து வந்த பந்து விழுந்தது. 1951-இல் மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபை கிரிக்கெட் கிளப் மீது அலட்சியக் குற்றம் இல்லை என்றது. காரணம் எண்கள். ஆடுகளத்திலிருந்து வேலி 71 மீட்டர். வேலியின் உச்சி ஆடுகளத்தைவிட 5 மீட்டருக்கு மேல் உயரம். சுமார் 30 வருடத்தில் பந்து வெளியே போனது 6 தடவை போல. இவ்வளவு சிறிய அபாயத்தை நியாயமான மனிதன் பொருட்படுத்தாமல் விடலாம் என்றார்கள். எங்கள் பூங்காவில் 6 என்பது ஒரு சனிக்கிழமைக் கணக்கு. மட்டையிலிருந்து வீட்டுப் பக்க மதில் 30 மீட்டர்கூட முழுசாக வராது. ஆகவே அந்தத் தீர்ப்பு இங்கே பையன்களைக் காப்பாற்றாது. அதே தீர்ப்பில் ரீட் பிரபு சொன்ன இன்னொன்றைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்: கணிசமான அபாயம் இல்லாமல் ஓரிடத்தில் ஆட முடியாது என்றால் அங்கே ஆடவே கூடாது. நம்மூரில் ஒரு ஜன்னல் கண்ணாடிக்காக யாரும் உரிமையியல் நீதிமன்றப் படி ஏறப் போவதில்லை, அது வேறு விஷயம்.

அப்படியானால் பலகை சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆட முடியாது என்று சொல்வதற்கு முன்னால், வேறு விதமாக ஆடிப் பார்த்தோமா என்று கேட்க வேண்டும். 1959-இல் போட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்த வெளி என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் ஊருக்கு வேண்டும் என்பதால்தானே. கே.கே. நகரிலேயே இருக்கும் சிவன் பூங்கா மாதிரி பெரிய இடத்தில் காலையில் நடக்கிறவர்களுக்கு அவர்கள் பாதை இருக்கிறது. 11 வயதுப் பையனுக்கு இந்தப் பேட்டையில் எது இருக்கிறது? பலகை வீட்டைப் பாதுகாக்கவில்லை. பாதுகாக்க ஆகும் செலவை, ஓட்டுப் போட வயசு வராதவன் தலையில் கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

"டர்ஃபுக்குப் போகட்டுமே" என்றார் ஒருவர். நாலு பக்கமும் மேலேயும் வலை போட்ட செயற்கைப் புல் கூண்டு. பந்துப் பிரச்சினைக்கு அதைவிடக் கச்சிதமான தீர்வு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிக்கணக்கில் வாடகை. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன்னுடைய கால்பந்துத் திடல்கள் சிலவற்றைக் கட்டண முறையில் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. ஓடி ஆடக் காசு கேட்டால் இந்த ஊர் பொறுக்காது.

"வீட்டுக்காரர் வலை போட்டுக்கொள்ளட்டும்" என்பது அடுத்தது. பாதிப் பால்கனிகளில் ஏற்கெனவே புறா வலை இருக்கிறது. புறாவுக்குக் கட்டியது டென்னிஸ் பந்தையும் தாங்கிக்கொள்கிறது. வேடிக்கைதான். இருந்தாலும் பந்து எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தைவிட்டுவிட்டு, போய்ச் சேரும் முப்பது ஜன்னலிலும் வலை கட்டச் சொல்வது, ஓட்டைக் குழாயை அடைக்காமல் வீடு முழுக்க பக்கெட் வைப்பது.

இனி வலையின் கணக்கு. கூட்டத்தில் எல்லோரும் கேட்டது மதில் மேல் ஒரு உயரமான வலை. எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்கவில்லை. மட்டையிலிருந்து இடுப்பு உயரத்தில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், 45 பாகைச் சாய்வில் ஒரு பந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 30 மீட்டர் தள்ளியிருக்கும் மதிலைத் தாண்டும்போது அது சுமார் 17 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்து மாடிக் கட்டட உயரம். காற்றுத் தடை இதைக் கணிசமாகவே குறைக்கும். குறைத்தாலும் மதில் மேல் பத்தடி வலை கட்டினால் அது மனச்சாந்திக்குத்தான். அதே பந்து மட்டையிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது உயரம் ஐந்தரை மீட்டர் சொச்சம். வலையை எங்கே கட்ட வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் அல்ல, மட்டைக்குப் பக்கத்தில்.

மட்டைக்கு முன்னால் வலை கட்டினால் ஆட்டம் எங்கே? அதனால் வீடுகள் மட்டை பிடிப்பவனின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். பேஸ்பால், சாஃப்ட்பால் திடல்களில் இதைத்தான் செய்கிறார்கள். அடிப்பவனுக்குப் பின்னால் உயரமான வலைத் தடுப்பு, முன்னால் திறந்தவெளி. பெயரில் மென்மை இருந்தாலும் சாஃப்ட்பால் ஏறக்குறைய 180 முதல் 200 கிராம் வரை வரும், கிரிக்கெட் பந்தைவிட கனம். அவர்கள் வலையை மறக்க முடியாது. செங்கல்லைக் கிழக்குக் கோடிக்கு மாற்றி, பின்னால் 6 மீட்டர் உயரத்தில், மேல் விளிம்பு உள்பக்கம் வளைந்த ஒரு வலை. முன்னால் முழுத் திடல், அப்புறம் அந்த ஜன்னலில்லாத சுவர். வாங்க வேண்டியது நாலு கம்பமும் ஒரு வலையும்தான்.

வலைக்கும் முன்னால் பையன்களிடமே ஒன்று இருக்கிறது. நான் படித்த தீர்ப்புகளையெல்லாம்விட அதற்கு மதிப்பெண் அதிகம் போடுவேன். சென்னையில் சந்தில் ஆடி வளர்ந்த யாருக்கும் தெரியும்: சுவர் தாண்டினால் அவுட். யார் அடித்தானோ அவன்தான் எடுத்து வர வேண்டும். தொலைந்தால் காசும் அவன் கணக்கு. வேலி உயர்த்துவது அடித்த பிறகு பந்தைத் தடுக்கும் வேலை. இந்த விதி அடிப்பதற்கு முன்னால் கையைத் தடுக்கிறது. லின்ட்ஸ் மைதானத்தில் வேலி தாண்டிய பந்துக்கு 6 ஓட்டம் பரிசு. வேலியை உயர்த்திய பிறகும் 1975-இல் 6 பந்து, 1976-இல் 9 பந்து குடியிருப்புக்குள் போனது. பரிசையும் கொடுத்துவிட்டு, தாழ அடியுங்கள் என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டுக்கொண்டால் எவன் கேட்பான்?

இங்கிலாந்துக்கே இது கடைசியில் புரிந்தது. 1790-இல் தொடங்கிய சவுத்விக் அண்ட் ஷோரம் கிளப், பக்கத்து வீட்டார் புகார் தாங்காமல் 2024-இல் ஒரு விதி போட்டது: முதல் சிக்ஸருக்கு ஓட்டம் கிடையாது, அடுத்த சிக்ஸர் அடித்தால் அவுட். உலகப் பத்திரிகைகளில் இது செய்தியானது. எங்கள் தெருப் பையன்கள் படித்திருந்தால், முதல் தடவை எதற்கு மன்னிப்பு என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் இந்த விதி எப்போது உடைகிறது என்பதையும் பார்த்துவிட்டேன். பையன்கள் தங்களுக்குள் ஆடும்போது நிற்கிறது. வேறு செக்டார் டீம் வந்து பெட் மேட்ச் என்று ஆனால் நிற்பதில்லை. அன்றைக்கு மட்டும் சுவர் தாண்டினால் சிக்ஸ். மட்டையின் மேல் விளிம்பில் பட்டு எகிறும் பந்துக்கும் எந்த விதியும் தெரியாது. விதி இல்லாத வலை வீண்செலவு என்றால், வலை இல்லாத விதி பெட் மேட்ச் வரைக்கும்தான்.

மூன்றாவதாகப் பந்து. டென்னிஸ் பந்து 58 கிராம் போல. கார்க் பால் கனத்தில் கிரிக்கெட் பந்துக்குப் பக்கத்தில், அதாவது 160 கிராமை ஒட்டி நிற்கும். ஒரே வேகத்தில் வந்தால் மோதும் சக்தி இரண்டே முக்கால் மடங்கு. ஒன்று கண்ணாடியை உடைக்கலாம், மற்றது மண்டையை. மழைத் தண்ணீரில் ஊறிய டென்னிஸ் பந்தும் லேசுப்பட்டதல்ல.

என் தீர்ப்பு இது. பலகையை எடுத்துவிட வேண்டும். மட்டை கிழக்குக் கோடிக்குப் போக வேண்டும், பின்னால் வலை வர வேண்டும். அந்தச் செலவும் வலை வரும் வரை உடையும் கண்ணாடியின் செலவும் பூங்காவை நடத்துபவருடையது, வீட்டுக்காரருடையதும் அல்ல, பையன்களின் அப்பாக்களுடையதும் அல்ல. வலை வந்த பிறகும் சுவர் தாண்டினால் அவுட், பெட் மேட்சிலும். கண்ணாடி போன வீட்டுக்காரர் பந்தைத் திருப்பித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு கார்க் பாலோடு வரும் முப்பது வயதுக்காரர்களுக்கு மட்டும் என்னிடம் இரக்கம் இல்லை. அவர்களிடம் பைக் இருக்கிறது, பெரிய மைதானத்துக்குப் போகலாம்.

கூட்டம் முடிந்ததும் பூங்காவுக்குப் போய்ப் பையன்களிடம் சொன்னேன், செங்கல்லை அந்தப் பக்கம் மாற்றுங்களேன் என்று. மட்டை வைத்திருந்தவன் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அங்கிள், அங்க நின்னா சாயங்காலம் வெயில் நேரா கண்ணுல அடிக்கும். அதான் இந்தப் பக்கம் நிக்கிறோம்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. நியாயமான ஆட்சேபம். உலகம் முழுக்க ஆடுகளத்தை வடக்கு தெற்காகப் போடுவதே இதற்காகத்தான். இங்கே அதற்கு அகலம் போதாது. தூங்குமூஞ்சி மரம் மேற்கே இருக்கிறது. ஐந்து மணிச் சூரியனை அது எந்த அளவுக்கு மறைக்கிறது என்று கிழக்குக் கோடியில் போய் நின்று பார்த்தேன். செங்கல்லை நாலு தப்படி வடக்கே தள்ளி வைத்தால் மறைக்கிறது, ஐந்தரை வரைக்கும்.