வேட்டைத் துப்பாக்கியின் விசை: மரபுகளும் அளவுகோல்களும்

போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கியில் பலரும் முதலில் மாற்ற நினைக்கும் உறுப்பு விசைதான். குழலை மாற்றத் தேர்ந்த கம்மியர் வேண்டும். கட்டையை மாற்றப் பணம் வேண்டும். விசைப்பெட்டியோ பல துப்பாக்கிகளில் இரண்டு ஊசிகளைத் தட்டினால் கழன்று கையில் வந்துவிடும். இந்த எளிமையோடு ஒரு கோணலான அளவுகோலும் சேர்ந்து வளர்ந்துவிட்டது: கடையில் எழும் முதல் கேள்வி “எத்தனை பவுண்டு?” என்பதுதான். எடை குறையக் குறைய விசை உயர்ந்தது என்று விற்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்புகிறார். இலக்குச் சுடுதலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், வேட்டைக்குப் பொருந்தாது. பனியில் நனைந்து, தூசி படிந்து, கையுறை போட்ட விரலோடு, சில சமயம் கீழே விழுந்தும் எழுந்தும் திரியும் கருவியை அதன் மிக மோசமான நாளை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதையாகிவிட்டதால், இங்கே பேசப்படுவது மத்திய ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்ந்த மரபுகள்.

எல்லா மரபுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். விறைப்பேறிய சுருள்வில் முன்னே தள்ளும் சுடும் ஊசியை ‘சியர்’ என்ற சிறு எஃகுத் துண்டு தடுத்து நிறுத்துகிறது. விசையை இழுத்தால் அந்தப் பிடி விலகுகிறது. பிடி ஆழமாக இருந்தால் அதிர்ச்சியில் தானாக நழுவாது, ஆனால் இழுக்கும்போது உலோகம் உலோகத்தின் மேல் அரைபட்டு நகர்வது விரலுக்குத் தெரியும். பிடியைக் குறைத்தால் கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடுபடும், ஆனால் ஒரு தட்டல் போதும், தானாக வெடிக்க. ஓபர்ன்டார்ஃபில் உருவான 1898ஆம் ஆண்டு மௌசர் இதற்குக் கண்ட தீர்வு இருகட்ட விசை. விசையின் தலையில் இரண்டு முடிச்சுகள் உண்டு. முதல் முடிச்சின்மேல் இழுக்கும்போது ஆழமான பிடியின் பெரும்பகுதி இலகுவாகக் கழிகிறது. இரண்டாவது முடிச்சு தொட்டதும் விரலில் ஒரு தடை எழும், அங்கிருந்து சிறிது அழுத்தினால் வெடி. துப்பாக்கி தோளில் தொங்கும்போது பிடி முழு ஆழத்தில் இருக்கும், சுடுபவன் முடிவெடுத்த பிறகே அது குறையும். சிப்பாய்க்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனாலும் வேட்டைக்கு இதைவிட நேர்மையான அடிப்படை பின்னர் வந்த பல ஆடம்பரப் பெட்டிகளிலும் இல்லை.

ஜெர்மானிய, ஆஸ்திரிய வேட்டைக்காரர்கள் வேறு வழி தேடினார்கள். அவர்களுடைய ‘ஷ்டெக்கர்’ முறையில், பின்விசையை இழுத்தால் உள்ளே ஒரு சிறு சுத்தி விறைப்பேறும், பிறகு முன்விசையை விரல் நுனி பட்டாலே போதும். ஒரே விசையை முன்னே தள்ளி விறைப்பேற்றும் வகையும் உண்டு. மான்லிகர்-ஷோனவர் போன்ற அழகிய துப்பாக்கிகளில் இரட்டை விசையைப் பார்க்காதவர்கள் குறைவு. உயர்ந்த மேடையில் அமர்ந்து, தாங்குகட்டையில் குழலை வைத்து, விலங்கு நின்று தரும்வரை காத்திருக்கும் வேட்டைக்கு இது பொருத்தம். சுடாமல் விட்டால்தான் தொல்லை. விறைப்பேறிய விசையோடு துப்பாக்கியை நகர்த்தக் கூடாது, உடனே பூட்டி, விறைப்பை இறக்க வேண்டும் என்று ஜெர்மனியின் வேட்டை விபத்துத் தடுப்பு விதியே சொல்கிறது. ஒரு கருவியின் வழக்கமான பயன்பாட்டுக்கே தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது என்றால், அதன் குணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. பிற்காலத்தில் பிளேசர் போன்ற ஜெர்மானியத் தயாரிப்பாளர்கள் சுடும் கணத்தில் கட்டைவிரலால் சுருள்வில்லை விறைப்பேற்றும் முறைக்கு மாறினார்கள். அதுவரை துப்பாக்கி செத்த கட்டை, அதனால் அங்கே விசை இலகுவாக இருந்தால் தவறில்லை. இலகு வேண்டுமென்றால் பாதுகாப்பை வேறிடத்தில் கட்ட வேண்டும் என்பதை ஐரோப்பியர் பட்டறிந்து கற்றார்கள்.

அமெரிக்காவில் மாற்று விசைத் தொழில் தழைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. படைகள் கழித்த மௌசரும் ஸ்பிரிங்ஃபீல்டும் என்ஃபீல்டும் மலிவாகக் கிடைக்க, மக்கள் அவற்றை மான் வேட்டைக்கு மாற்றினார்கள். தொலைநோக்கி பொருத்தியபோது மௌசரின் கொடிப்பூட்டு நிமிர்ந்து அதில் இடித்தது. பக்கவாட்டில் பூட்டு வைத்த ஒற்றைக்கட்ட விசைக்குத் தேவை பிறந்தது. 1946இல் தொடங்கிய டிம்னி நிறுவனம் அந்தத் தேவையின் பிள்ளை. புதுத் துப்பாக்கிகளில் 1936இன் வின்செஸ்டர் மாடல் 70, சில துண்டுகள் மட்டுமே கொண்ட திறந்த விசையை வைத்தது. அழுக்கு விழுந்தால் தானே உதிரும், அதன் மூன்றுநிலைப் பூட்டு சுடும் ஊசியையே பிடித்து நிறுத்தும். இதற்கு எதிர்முனையில் நின்றது ரெமிங்டனின் வாக்கர் விசை. மைக் வாக்கர் வடிவமைத்து 1948இல் மாடல் 721, 722 துப்பாக்கிகளோடு வெளிவந்து, 1962இல் மாடல் 700க்குச் சென்ற அந்த விசை, தொழிற்சாலைப் பொருளில் அதுவரை காணாத மென்மையைத் தந்தது. அந்த மென்மைக்குக் காரணம் ‘கனெக்டர்’ என்ற தனித் துண்டு. விசையோடு இறுகப் பொருத்தப்படாமல் வில் அழுத்தத்தால் மட்டும் ஒட்டி நிற்கும் அது, ஒவ்வொரு வெடிக்கும் விலகித் திரும்ப வேண்டும். இடையில் துகளோ காய்ந்த எண்ணெயோ சிக்கினால் அது முழுவதும் திரும்பாமல் போகலாம், அப்போது பூட்டை விடுவித்ததுமே துப்பாக்கி வெடிக்கலாம் என்று வழக்குத் தொடுத்தவர்களின் நிபுணர்கள் வாதிட்டார்கள். நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டு வழக்கில் ஏற்பட்ட சமரசம் ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகளைத் தொட்டது. போதாததற்கு, வாக்கருக்குப் பதிலாக வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசையையும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கோக்கும்போது அளவுக்கு மிஞ்சிப் பூசப்பட்ட ஒட்டுப்பொருள் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. வடிவமைப்பைக் குறைசொன்ன பிறகு, ஒரு துளிப் பசையும் அதே வேலையைச் செய்யும் என்று தெரிந்தது. நுண்மை கூடும் இடத்தில் பிழைக்கு இடமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

“இலகுவான விசை குறியைக் கலைப்பதில்லையே, அது காயப்பட்டு ஓடும் மான்களைக் குறைக்குமே” என்று கேட்பவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கக் கூடியதல்ல. மேசைமேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் பந்தயக்காரர்கள் இரண்டு அவுன்சில், அதாவது 57 கிராமில், விடுபடும் ஜுவல் போன்ற மூன்றுநெம்பு விசைகளை வைத்துத் துளைமேல் துளை போடுகிறார்கள். அவர்கள் வெல்வது மில்லிமீட்டரில். மானின் உயிர்நிலை ஏறத்தாழ 20 செ.மீ. அகலம். நூறு மீட்டரில் மூன்று செ.மீ. வட்டத்தில் அடிக்கும் சாதாரணத் துப்பாக்கியே இருநூறில் ஆறு செ.மீ.க்குள் நிற்கும். குறி கலைவது விசையின் எடையைவிட அதன் கரடுமுரடால்தான் அதிகம். எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாத நான்கு பவுண்டு விசை தொல்லைதான், அதே எடையில் சுத்தமாக முறியும் விசை தொல்லையல்ல. பந்தய மேடையில் இன்னொரு வசதியும் உண்டு: குறிபார்க்கும்வரை போல்ட் திறந்தே இருக்கும். காட்டில் ஏறும் வேலியும் வழுக்கும் பாறையும் போல்டைத் திறந்து வைக்கக் காத்திருக்காது. “விரலை விசையில் வைக்காதவனுக்கு என்ன பயம்?” என்பது அடுத்த கேள்வி. பிடி நழுவும் அதிர்ச்சிக்கு விரல் தேவையே இல்லை.

எழுதிவைத்த அளவுகோல்களும் இதையே சொல்கின்றன. அமெரிக்க உற்பத்தியாளர் கழகமான சாமியின் சோதனையில், பூட்டு விடுவித்த துப்பாக்கியை 12 அங்குலத்திலிருந்தும், பூட்டிய துப்பாக்கியை நான்கு அடியிலிருந்தும் ரப்பர் விரிப்பின்மேல் பல கோணங்களில் விழவிடுகிறார்கள். வெடிக்கக் கூடாது என்பதே தேர்ச்சி. பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பு 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1,500 கிராம் குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டியில் நாலரை பவுண்டு. போட்டிகளிலேயே இப்படிக் கீழெல்லை உண்டு என்றால், வேட்டைக்காரன் அவுன்சுக் கணக்குக்கு ஏன் இறங்க வேண்டும்? ஒன்றை மறக்கக் கூடாது: தொழிற்சாலைச் சோதனை தொழிற்சாலை விசைக்குத்தான். மாற்றிய மறுகணமே அந்தச் சான்று உங்கள் துப்பாக்கிக்குச் செல்லாது.

மாற்றவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. வழக்கறிஞர்களுக்குப் பயந்து ஐந்தாறு பவுண்டில் அனுப்பிய விசைகள் ஒரு காலத்தில் கடை முழுக்க இருந்தன. அந்தப் புகார் நியாயமானது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சாவேஜ் கொண்டுவந்த அக்குட்ரிகர், விசையின் நடுவே ஒரு மெல்லிய தகட்டை வைத்து, தகட்டை அழுத்தாமல் சியர் விழாதபடி தடுத்து, இலகுவையும் தடுப்பையும் சேர்த்தது. கனடாவின் ட்ரிகர்டெக் இரு முகங்களுக்கிடையே உருளை வைத்தது. உராய்வு உருட்டலாக மாறுவதால், பிடி ஆழமாக இருந்தும் இழுவை தெரிவதில்லை. என் மதிப்பில் மௌசருக்குப் பிறகு அந்தப் பழைய சிக்கலை நேரே எதிர்கொண்ட தீர்வு இதுதான். அவர்களுடைய பிரைமரி வகை ஒன்றரை முதல் நான்கு பவுண்டு வரை திருகிக்கொள்ளலாம். டிம்னியின் வேட்டை விசையும் மூன்று பவுண்டில் வைத்தே வருகிறது.

ஆகவே வாங்கும்போது எடையைக் கடைசியில் கேளுங்கள். பூட்டு எதைப் பிடிக்கிறது, விசையை மட்டுமா, சியரையா, சுடும் ஊசியையா? பூட்டிய நிலையிலேயே தோட்டாவை வெளியே எடுக்க முடியுமா? உள்ளே அழுக்கு விழுந்தால் வெளியேற வழியிருக்கிறதா? கையுறை விரலுக்கு இடமுண்டா? எடை இரண்டரைப் பவுண்டுக்கும் மூன்றரைப் பவுண்டுக்கும் இடையில் போதும். பழைய சியரை வீட்டில் தேய்த்து மெருகேற்றுவது அறவே கூடாது, மேலே கடினமாக்கிய படலம் மெல்லியது, அது போனால் கீழே மென்மையான எஃகுதான். பொருத்திய பின் தோட்டா இல்லாமல் போல்டை ஓங்கி மூடியும், கட்டையை ரப்பர் சுத்தியால் தட்டியும், பூட்டி விசையை இழுத்துப் பிறகு பூட்டை விடுவித்தும் பாருங்கள். சுடும் ஊசி ஒருமுறை தானாக விழுந்தாலும் துப்பாக்கி கம்மியரிடம் போக வேண்டியது. டிக்கா டி3 வைத்திருப்பவர் ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவரை தாமே திருகிக்கொள்ளலாம், செலவழிக்க வேண்டியதில்லை. வாக்கர் விசை கொண்ட பழைய ரெமிங்டன் வைத்திருப்பவர் தள்ளிப்போட வேண்டாம். சமரசப்படி இலவசமாக மாற்றித் தரும் கெடு 2020இல் முடிந்துவிட்டது, இனி அது சொந்தச் செலவில்தான்.