வரைபடத்தில் சேரி எங்கே?

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகையில் என்ன எழுத்து என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். சினிமாவைப் படிக்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. இன்றைக்கு சேரிப் பையன் கையிலும் செல்போன் இருக்கிறது, தெருமுனை பிரவுசிங் சென்டரில் ராஜாவாக உட்கார்ந்து ராஜ்யம் பிடிக்கிறான். அவனுக்கு அங்கே வரலாறு சொல்லித் தரப்படுகிறது. வாத்தியார் சொன்னால் தூங்குகிறவன், இங்கே கண்கொட்டாமல் கேட்கிறான். ஆகவே அந்தப் பாடம் என்ன என்று பார்ப்பது நம்ம வேலை.

சுவீடன் நாட்டு நிறுவனமான பாரடாக்ஸ் 2012-ல் 'க்ரூசேடர் கிங்ஸ் 2' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பாவை வைத்து எழுதப்பட்ட ஆட்டம். 2014 மார்ச்சில் அதற்கு 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' என்றொரு கூடுதல் பகுதி வந்தது. வரைபடம் கிழக்கே நீண்டு இந்தியாவும் சேர்ந்தது, யானைப்படை சேர்ந்தது, இந்து, பௌத்தம், சமணம் என்று மூன்று மதத்து ராஜாக்களையும் ஆடலாம் என்றானது. 1066-ல் தொடங்கினால் சோழநாட்டையே எடுத்துக்கொள்ளலாம். சரித்திரப்படி அது வீரராசேந்திரன் ஆண்ட காலம். காரைக்காலில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவன் வீட்டு வாசலே திரையில் வந்துவிட்டது.

இந்த ஆட்டத்தில் நீங்கள் நாடாகவோ படையாகவோ ஆடுவதில்லை, ஒரு குலமாக ஆடுகிறீர்கள். ராஜா செத்தால் வாரிசாகத் தொடர்வீர்கள். நிலமுள்ள வாரிசு இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆக நிலம், கல்யாணம், வாரிசு ஆகிய மூன்றும்தான் ஆட்டத்தின் மூச்சு. இந்தியாவுக்கு வந்ததும் நாலாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்: சாதி. இந்துப் பாத்திரத்தின் குணங்களோடு குணமாக பிராமணர், சத்திரியர், வைசியர் என்று ஒரு சின்னம் ஒட்டிக்கொள்ளும். சாதி மாறிக் கல்யாணம் பண்ணினால் பிள்ளைக்குத் தாழ்ந்த பக்கத்துச் சாதி. சாதி வேறானால் ஒருவருக்கு ஒருவர் மேலுள்ள அபிப்பிராயம் குறையும், அந்தக் குறைவு எண்ணாகவே திரையில் வரும்.

ஒரு விதத்தில் இதை நான் பாராட்டவே செய்வேன். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டுரையில் நிறுவினார். நம்ம ஊர்ச் சரித்திர நாவல்கள் எத்தனையோ பக்கம் எழுதியும் வாயைத் திறக்காத உண்மை இது. நாவலில் இளவரசி காதலிக்கிறாள், கவிதை பாடுகிறாள். சாதியைப் பற்றி மூச்சில்லை. சுவீடன்காரன் கூட்டல் கழித்தல் போட்டே காட்டிவிட்டான்: கல்யாணம் என்பது நிலக் கணக்கு, சாதி என்பது அதற்குப் போட்ட வேலி.

ஆனால் இந்த நேர்மை பாதி வழியில் நின்றுவிடுகிறது. வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு இந்த ஆட்டத்தில் சின்னம் கிடையாது. அவன் இழிந்தவனாகக்கூட இதில் வரவில்லை, அவன் இல்லவே இல்லை. அதனால் சாதி என்பது மேலே உள்ளவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மனத்தாங்கலாகச் சுருங்கிப் போகிறது. பிராமணனுக்கும் சத்திரியனுக்கும் கொஞ்சம் ஆகவில்லை, அவ்வளவுதான்! தீண்டாமை என்ற சொல்லே தேவைப்படாமல் சாதியைச் சொல்லி முடித்துவிடலாம் என்பதுதான் நம்ம பையன் இங்கே படிக்கிற பாடம்.

வரைபடத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் இருப்பவை மூன்று: கோட்டை, நகரம், கோயில். வயல் இல்லை, ஊர் இல்லை, சேரி இல்லை. படையும் இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. கோட்டையைப் பெரிசாக்கினால் ஆள் கூடுகிறான். அந்த ஆள் எந்தக் குடிசையிலிருந்து வந்தான், அவன் விட்டுவந்த வயலில் யார் இறங்கினார்கள் என்ற கேள்வியே எழாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் எழுத்து வெட்டியவன் சேரியை மறைக்கவில்லை. கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கைச் சொல்லும்போது, வரி கழித்த நிலங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் சேர்த்தே வெட்டிவைத்தான். உழப்பறையர் என்று வேலையோடு சேர்த்தே பேர் சொல்லும் கல்வெட்டும் உண்டு. இராசராசனின் கணக்குப்பிள்ளைக்குச் சுடுகாட்டுக்குப் பக்கத்திலாவது நாம் இருந்தோம். ஆயிரம் வருஷம் கழித்து வந்த வரைபடத்தில் அந்த இடமும் போச்சு.

வர்ணக் கணக்கும் நம்ம மண்ணுக்குப் பொருந்தாதது. தமிழ்நாட்டில் நிலம் வைத்திருந்த வெள்ளாளன், வர்ணப்படி பார்த்தால் சூத்திரன். சோழர் படையில் 'தெரிந்த கைக்கோளர்' என்று பிரிவுகளே இருந்தன. அந்தக் கைக்கோளரைப் பின்னால் தறியில்தான் பார்க்கிறோம். சண்டை போடுபவன் சத்திரியன் என்ற சூத்திரம் இங்கே எங்கே செல்லும்? பார்ப்பனிய சாத்திரம் எப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதோ, அதை அப்படியே இருந்த வரலாறாக எடுத்துக்கொண்டு புரோகிராம் எழுதியிருக்கிறார்கள். இது சுவீடன்காரன் குற்றம் மட்டுமில்லை. அவனுக்குக் கிடைத்த புத்தகங்களை எழுதியவர்கள் யார் என்பதும் நம்ம கேள்விதான்.

போருக்கு வருவோம். 1025-ல் ராஜேந்திரன் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். காரைக்காலுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அந்தக் கப்பலுக்கு மரம் இழைத்தவன், பாய் தைத்தவன், துடுப்பு வலித்தவன் யார்? போர்முரசுக்குத் தோல் உரித்துப் பதம் பண்ணியவன் யார்? சேணத்துக்கு வார் அறுத்தவன் யார்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணமே, ஆதனூர் நந்தன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவன் என்கிறது. அவன் கொடுத்த தோல் உள்ளே போனது. அவன் உள்ளே போக நெருப்பில் இறங்கவேண்டியிருந்தது. ஆட்டத்தில் படை கிளம்பும்போது முரசுக்குப் பின்னால் அந்தக் கை இல்லை.

2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்துக்கு 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்ற பகுதி வந்தது. அதில் 'திராவிடர்' என்றே ஒரு பிரிவு, ராஜேந்திரன் கதை ஒரு தனித் தொடர். அங்கே உழைக்கிறவன் இருக்கிறான். மரம் வெட்டுகிறான், மீன் பிடிக்கிறான், வயல் போடுகிறான். அவன் இல்லாமல் ஆட்டமே நகராது. ஆனால் அவனுக்குச் சாதி இல்லை. அதே ஆள் காலையில் வயலில் நிற்பான், மத்தியானம் கோயில் கட்டுவான், யாரும் எட்டிநில் என்று சொல்லமாட்டார்கள். ஒன்றில் சாதி இருக்கிறது, உழைக்கிறவன் இல்லை. இன்னொன்றில் உழைக்கிறவன் இருக்கிறான், சாதி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பாருங்கள், நம்ம டெல்டா வந்துவிடும். 1968 டிசம்பர் 25-ல் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய கீழவெண்மணியும் வந்துவிடும். அப்படி ஒன்றாக்கிய ஆட்டத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்கவில்லை.

மதமாற்றத்தையும் பாருங்கள். இந்த ஆட்டத்தில் ராஜா நினைத்தால் இந்துவிலிருந்து பௌத்தத்துக்குப் போகலாம், சமணத்துக்குப் போகலாம். மாறுவது அவன் இஷ்டம், குடிகள் அவன் மாற்றும் நிறம். நம்ம அனுபவம் இதற்கு நேர் எதிர். அயோத்திதாசர் 1898-ல் பௌத்தம் போனதும், 1956-ல் நாகபுரியில் அம்பேத்கரோடு லட்சக்கணக்கானவர்கள் போனதும், 1981-ல் மீனாட்சிபுரம் இஸ்லாத்துக்குப் போனதும் எந்த ராஜா போட்ட உத்தரவு? 1881-ல் பிரெஞ்சு அரசு, தன் சாதி-மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்று ஆணை போட்டது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் அதைப் பயன்படுத்தியவர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் கணிசம். சாதியிலிருந்து வெளியேற வழி தேடியவன் எப்போதும் கீழேயிருந்துதான் கிளம்பினான். கீழேயே இல்லாத ஆட்டத்தில் அவன் எங்கிருந்து கிளம்புவான்?

வெறும் விளையாட்டுதானே என்று விட்டுவிடலாமா? 2019 ஜூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. ரஞ்சித், இராசராசன் காலத்தில் நம்ம நிலம் பறிபோனதைப் பற்றிப் பேசினார். அவர்மேல் வழக்குப் பாய்ந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாவிடம் நிலக் கணக்குக் கேட்டால் இன்றைக்கு போலீஸ் ஸ்டேஷன் ஏறவேண்டியிருக்கிறது. அந்த ராஜா எங்க ஆள், உங்க ஆள் என்று சாதிச் சங்கங்கள் போஸ்டர் அடிக்கின்றன. இந்தச் சூழலில் நம்ம பையன் அதே சோழனாக உட்கார்ந்து, சேரி இல்லாத சோழநாட்டை மணிக்கணக்கில் ஆள்கிறான். ஆளும் சுகம் யாருக்குத்தான் கசக்கும்? அந்தச் சுகத்தை நான் பழிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கைகட்டி நிற்கச் சொல்லப்பட்டவனுக்கு அரைமணி நேர சிம்மாசனமும் பெரிசுதான். ஆனால் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார அவன் கொடுக்கிற விலை, தன் பாட்டனை வரைபடத்திலிருந்து அழிப்பது.

ஆகவே தோழர்களே, செல்போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்: ஏம்ப்பா, இந்தப் படைக்கு நெல்லு எங்கேயிருந்து வந்துச்சு? இந்த முரசுக்குத் தோல் யாரு தந்தா? 1066-ல் நம்ம வீடு இதுல எந்தப் பக்கம்? பையன் கொஞ்சநேரம் திரையில் தேடுவான். இல்லை என்று அவனே சொல்லட்டும். அதற்கப்புறம் ஒருநாள் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய், கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் நம்ம சேரியைத் தேடச் சொல்லுங்கள்.