மன்ஸூபா: எதிராளி இல்லாத ஆட்டம்

சதுரங்கம் இந்தியாவில் தோன்றிப் பாரசீகம் வழியே அரபுலகம் சென்று ஐரோப்பாவை அடைந்தது என்னும் வரலாற்றை நம் மேடைகள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. இதில் முஸ்லிம்கள் வெறும் சுமைகாரர்களாகவே தென்படுகின்றனர். அவர்கள் அவ்விளையாட்டிற்குத் தாமே ஈந்த செல்வம் ஒன்றுண்டு. அதைப் பேசுவார் அரிது. அதுவே ‘மன்ஸூபா’. காய்களைச் சிந்தித்து நிறுத்தி, ‘இந்நிலையிலிருந்து வெல்க’ எனப் பிறர்முன் வைக்கும் புதிர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீயும், பத்தாம் நூற்றாண்டில் அஸ்ஸூலீயும் இவற்றை நூல்களில் தொகுத்தனர்.

இவற்றுள் புகழ்மிக்கது ‘திலாராம்’ புதிர். கணவன் தன்னைப் பணயம் வைத்து ஆடித் தோற்கும் தறுவாயில், ‘யானைகள் இரண்டையும் கொடுத்து என்னைக் காப்பாற்று’ என மனைவி குறிப்புணர்த்துகிறாள். இரு யானைகளும் பலியாக, சிப்பாயும் குதிரையும் எதிரி ராஜாவை முடித்துவிடுகின்றன. கதை சுவையானதுதான், ஆனால் மனைவியைப் பந்தயப் பொருளாக்கும் அக்கதை நமக்குப் பெருமை தருவதன்று. புதிரும் ‘ஷஹ், ஷஹ்’ என்று இடைவிடாது மிரட்டியே வெல்கிறது. இதனினும் உயர்ந்தது அஸ்ஸூலீயின் ‘வைரம்’. பக்கத்திற்கொரு ராஜா, மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் ஒரு ஃபிர்ஸ்; மொத்தம் நான்கே காய்கள். யூரி அவெர்பாக் 1980களில் தீர்வை வெளியிடும் வரை, ஆயிரம் ஆண்டுகளாக அது புதிராகவே நின்றது.

ஷரீஅத் நோக்கில் கேள்வி எழாமல் இராது. இமாம் அபூஹனீஃபா, மாலிக், அஹ்மத் ஆகியோர் சதுரங்கத்தைத் தடுத்தனர். இமாம் ஷாஃபியீயோ பந்தயமும் தொழுகைத் தவறலும் இல்லாதவிடத்து மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினார். ஷாஃபியீகளும் ஹனஃபீகளும் கலந்து வாழும் நம்மிடையே இக்கருத்து வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. புதிர் அமைப்பவனுக்கு எதிராளி இல்லை. பந்தயமும் சச்சரவும் இல்லை. எனினும் நேரம் பற்றிய ஆட்சேபம் அவன்மீதுதான் கூடுதலாகப் பாயும். ஆட்டம் ஓரிரு மணியில் முடியும். ஒரு சிப்பாயை எங்கே நிறுத்துவது என்ற யோசனை இரவுகளை விழுங்கும். தீர்ப்பை உலமாக்களிடமே விட்டுவிடுவோம்.

மிரட்டலின்றி வெல்லும் அழகைக் காண 1845க்கு வரவேண்டும். லண்டன் சதுரங்க இதழொன்றில் ‘ஷாகிர்த்’, அதாவது மாணவன், என்ற புனைபெயரில் ஒரு புதிர் வெளியானது. அனுப்பியவர் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலப் பாதிரியார் லவ்டே. முதல் நகர்த்தலில் மந்திரி (பழைய ஷத்ரஞ்சில் இதன் இடத்தில் நின்றது ‘ஃபீல்’, அதாவது யானை!) பலகையின் ஓரத்திற்குப் பின்வாங்குகிறது. பிறகு சொந்த யானையே அதன் வழியை மறிக்கிறது. எதிரி ராஜாவுக்கு நகர ஓரிடம் கிடைக்கிறது. அவர் அங்கு வந்ததும் யானை விலகுகிறது, இரு காய்களும் சேர்ந்து முடிக்கின்றன. தன் பலத்தைத் தானே மறைத்துக்கொள்ளும் இந்த உத்தி இன்றும் ‘இந்தியக் கரு’ என்றே வழங்குகிறது. ஒரு பொழுதுபோக்காளர் செய்த வேலை இது!

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபின் நம் ஊர்ப் பிள்ளைகளிடையே சதுரங்க ஆர்வம் பெருகியது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவர்கள் புதிர்களைத் தீர்க்கக் கற்கின்றனர்; அமைக்கக் கற்பிப்போர்தாம் அரிது. போட்டிக்குக் கட்டணமும் பயணமும் பயிற்சியாளரும் வேண்டும். புதிருக்கு ஒரு சிறு பலகை போதும். இவ்விரு ஊர்களுக்கிடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்திலும் அமைக்கலாம். இறுதி நிலையை முதலில் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி நடப்பது ஒரு வழி. இரண்டாவதொரு தீர்வு தட்டுப்பட்டால் புதிர் கெட்டது. சிப்பாயை இடம்மாற்றி மீண்டும் பார்க்கவேண்டும். அஸ்ஸூலீ இச்சோதனையை மனத்தாலேயே செய்தார். இன்று அதைக் கணினி நொடியில் செய்துவிடும்.