வயர்ஷார்க் 'இல்லை' என்று சொன்னால்

நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் வைஃபை கேமரா மாட்டினார். அதன் கடவுச்சொல் யாரும் படிக்கிற மாதிரி போகிறதா என்று பார்க்க, லேப்டாப்பை மானிட்டர் மோடில் வைத்து அரை மணி நேரம் டிராஃபிக்கைப் பிடித்திருக்கிறார். அப்புறம் வயர்ஷார்க்கில் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி, கடவுச்சொல்லைத் தட்டித் தேடினார். எந்த பாக்கெட்டிலும் இல்லை என்று வந்தது. "அப்போ சேஃப் தானே?" என்று என்னிடம் கேட்டார்.

இல்லை. சேஃபா இல்லையா என்றே அந்தத் தேடலை வைத்துச் சொல்ல முடியாது. இதில் நண்பரைவிட வயர்ஷார்க் மேல்தான் எனக்குக் கோபம்.

வயர்ஷார்க்கைக் குறை சொல்ல மனசு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் 'ஈதரியல்' என்ற பெயரில் வெளியிட்டது. 2006இல் இப்போதைய பெயர் வந்தது. இலவசம். ஒரு வைஃபை ஃப்ரேமை பிட் பிட்டாகப் பிரித்துக் காட்டுவதில் அதை அடிச்சுக்க ஆளில்லை. குறை, தேடும் பெட்டியில்தான்.

டபிள்யூபிஏ2 நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிச் சாவி. சாதனம் நெட்வொர்க்கில் சேரும்போது ரூட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். வைஃபை கடவுச்சொல்லோடு அந்தச் செய்திகளில் வரும் எண்களும் இருந்தால்தான் சாவியைக் கணக்கிட முடியும். நண்பர் பதிவைத் தொடங்கும் முன்பே கேமரா சேர்ந்துவிட்டது. அந்த நான்கு செய்திகள் கோப்பில் இல்லை. ஆக, டேட்டா ஃப்ரேம்கள் எல்லாமே பூட்டிய பெட்டிகள். படிக்க முடிந்தவற்றில் பெரும்பகுதி பீக்கன்கள்: வழக்கமான 102.4 மில்லிசெகண்ட் இடைவெளியில் ஒரு ரூட்டர் அரை மணியில் 17,500க்கு மேல் அனுப்பிவிடும். கடவுச்சொல்லை அவர் தேடியது கிட்டத்தட்ட அந்தக் குப்பையில்.

இது வயர்ஷார்க்குக்குத் தெரியும். ஃப்ரேம் பூட்டப்பட்டது என்று சொல்லும் பிட்டை அதுவே பிரித்துக் காட்டுகிறது. "இத்தனை ஃப்ரேம்களை என்னால் திறக்க முடியவில்லை, மீதியில் இல்லை" என்று சொன்னால் என்னவாம்? திறந்து பார்த்து இல்லாததற்கும், திறக்கவே முடியாததற்கும் ஒரே பதில் தருவது பாதுகாப்புக் கருவிக்கு அழகல்ல.

சரி, கேமராவை அணைத்துப் போட்டு, நான்கு செய்திகளையும் பிடித்து, அமைப்புகளில் வைஃபை கடவுச்சொல்லையும் கொடுத்தாச்சு. (டபிள்யூபிஏ3 என்றால் இதுவும் போதாது, கடவுச்சொல்லை மட்டும் வைத்துச் சாவியைக் கணக்கிட முடியாது.) இப்போது தேடினால்? கேமரா எச்டிடிபி பேசிக் முறையில் நுழைந்தால் பெயரும் கடவுச்சொல்லும் பேஸ்64 வடிவில் போகும். அது பூட்டு இல்லை, வெறும் வேஷம். ஆனால் பைட்டுகளில் தேடினால் கிடைக்காது. அதை வயர்ஷார்க் பிரித்து எழுதிக் காட்டும் 'பாக்கெட் விவரங்கள்' பகுதியில் தேடினால் கிடைக்கும். ஒரே கோப்பு, ஒரே சொல், இரண்டு பதில்கள். எங்கே தேடுகிறோம் என்பது கருவிப்பட்டையில் ஒரு சின்னப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது.

ஃபில்டரிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'ஃப்ரேம்' முழுவதிலும் தேடச் சொன்னால், காற்றில் வந்த மூல பைட்டுகளில்தான் தேடும். சாவி போட்டுத் திறந்த உள்ளடக்கத்தில் அல்ல. பெயரைப் பார்த்தால் எல்லாம் அடங்கியது போலத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் திருத்திவிட்டார்கள், அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வைஃபை டேட்டா ஃப்ரேமில் மூன்று, சில சமயம் நான்கு முகவரிகள் இருக்கும். "இந்த முகவரி அல்லாதவை" என்று முன்பு கேட்டால், ஏதாவது ஒரு முகவரி வேறாக இருந்தாலே போதும் என்று எடுத்துக்கொண்டு, ஒதுக்க நினைத்த சாதனத்தின் ஃப்ரேம்களையும் சேர்த்தே காட்டும். 2021இல் வந்த 3.6 பதிப்பு முதல் அந்த முகவரி எங்குமே இல்லாதவற்றைத்தான் காட்டுகிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் 'சமம்' என்று எழுதி, முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, முன்னால் ஆச்சரியக்குறி சேர்த்துக்கொள்ளுங்கள்.