மூன்றரை மூடித் தண்ணீர், ஒரு கிண்ணம் புழுதி

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொரப்பூரில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஏர் பில்டர் டப்பாவைக் கழற்றினேன். பில்டர் அழுக்காக இருந்ததில் ஆச்சரியமில்லை. பில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். துணியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. வடிகட்டிய காற்று மட்டுமே போக வேண்டிய இடம் அது. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

வண்டி 2021 மாடல் தார், 2184 சிசி டீசல். வாரநாட்களில் மரவள்ளிக் காட்டு வண்டிப்பாதை, குவாரி டிப்பர் ஓடும் மண் ரோடு. லீவு கிடைத்தால் கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் பயணம். அப்படி அலைகிற வண்டிக்கு ஸ்நார்கெல், அதாவது இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கிற குழாய், வேண்டுமா, அது சொல்கிற வேலையைச் செய்கிறதா என்று எட்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்நார்கெல் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஆற்றைக் கடக்கிற ஜீப் படம்தான். நம் பக்கத்தில் வருஷத்தில் பத்து நாள் தண்ணீரைக் கடந்தால் அதிகம். புழுதி மீதி நாளெல்லாம் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். 50 லிட்டர் டீசல் போட்டால் 5 லட்சம் லிட்டர் காற்று. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாற்பதைக் காலி செய்து வரிசையாக நிறுத்தினால் உள்ளே எவ்வளவு காற்று இருக்குமோ, அவ்வளவையும் இன்ஜின் ஒரு டேங்கில் இழுத்துவிடுகிறது. முன்னால் டிப்பர் போகும்போது அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று குவாரி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும்.

நம் மண்ணும் லேசுப்பட்டதல்ல. கிரானைட் பாறை சிதைந்து வந்த மண்ணில் குவார்ட்ஸ் துகள் நிறைய. சிலிண்டர் சுவர் இரும்பைவிடக் கடினமானது அது. இன்ஜின் ஆயிலோடு கலந்தால் வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட் மாதிரிதான் வேலை செய்யும். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் லைனரையும் தின்பது அதில் பத்தில் ஒரு பங்கு உள்ள பொடி. கண்ணுக்குத் தெரிகிற மணலைக் காகித பில்டர் சுலபமாகப் பிடித்துவிடும். இடுக்கில் நுழைகிற மாவு மாதிரித் தூசிதான் எமன்.

என் வண்டிக்குள் அது எப்படி வந்தது? அரூர் ரோட்டில் டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் பில்டரைக் கொடுத்தேன். அவர் காகித மடிப்பைப் பார்க்கவில்லை. ஓரத்து ரப்பரைத்தான் கட்டைவிரலால் தடவினார்.

"கம்ப்ரசர் காத்து அடிச்சீங்களா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா அடிப்பேன்ணா."

"பஞ்சர் கடைக் காத்தா? வெளியில இருந்து உள்ள அடிச்சிருப்பீங்க. அடிச்சு அடிச்சு ரப்பர் ஓரம் தூக்கிக்கிச்சு பாருங்க. தூசி பேப்பர்ல போகல சார், ஓரமா போயிருக்கு."

அதுதான் நடந்திருந்தது. பில்டரைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கெடுத்திருக்கிறேன். காகித பில்டரில் படிகிற மெல்லிய தூசிப் படலம் ஓரளவு வரை வடிகட்டலுக்கு உதவவே செய்யும். காற்று இழுக்கத் திணறும்போது மாற்றினால் போதும். அடித்தே ஆக வேண்டுமென்றால் அழுத்தத்தைக் குறைத்து, உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். தட்டக்கூடாது. இந்தப் பாடம் எனக்கு ஒரு புது பில்டரோடு முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் அப்படியே ஓடியிருந்தால் ரிங் போயிருக்கும்.

அண்ணன் பட்டறையில் நின்ற ஒரு பழைய டிராக்டரின் பானெட்டுக்கு மேலே, குழாய் நுனியில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கவிழ்த்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் பார்த்தும் நின்று யோசித்ததில்லை. காற்று உள்ளே வரும்போது சாய்ந்த தகடுகள் அதைச் சுழற்றிவிடும். சுழலும் வேகத்தில் கனமான தூசி ஓரத்துக்குப் போய்க் கிண்ணத்தில் விழும். மீதிக் காற்று கீழே ஆயில் பாத் என்ற எண்ணெய்த் தொட்டிக்குள் போய், எண்ணெயை உரசிக்கொண்டு இன்ஜினுக்குள் நுழையும். பழைய வில்லிஸ் ஜீப்பிலும் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான். புழுதியில் நிற்கிற டிராக்டருக்குக் காற்று வடிகட்டி வேண்டும் என்ற எண்ணத்துக்கே நூறு வயதாகிவிட்டது. ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற அமெரிக்க டிராக்டர் விற்பனையாளர், வாடிக்கையாளரின் இன்ஜின் புழுதியில் தேய்ந்து போவதைப் பார்த்துத்தான் 1915-ல் வடிகட்டி செய்தார். அவர் பெயரில் உள்ள கம்பெனி இன்றும் பில்டர் செய்கிறது.

நான் வாங்கியது ஒரு ஸ்நார்கெல் குழாயும் இரண்டு தலைகளும். ஒன்று முன்னோக்கித் திறந்த சாதாரணத் தலை. மற்றொன்று டிராக்டரில் பார்த்த அதே கிண்ணத் தலை, பிளாஸ்டிக்கில். பொருத்தும் கூலியோடு 19 ஆயிரம் ஆனது. பக்கவாட்டுத் தகட்டில் ஓட்டை போடும்போது மனசு கஷ்டப்பட்டது. ஓட்டை போட்ட விளிம்பில் உடனே பிரைமர் அடிக்காவிட்டால் அடுத்த மழைக்குத் துரு பிடிக்கும்.

முதல் சோதனையில் பொருள் தோற்றது. தலையைக் கழற்றிவிட்டு, குழாயின் கீழ் முனையை அடைத்து, மேலிருந்து வாளித் தண்ணீர் ஊற்றினேன். குழாய் முழங்கை மாதிரி வளையும் இடத்தில், இரண்டு பாகமாக ஒட்டிய கோட்டில் தண்ணீர் கசிந்தது. பார்ப்பதற்கு ஒரே வார்ப்பு மாதிரிதான் இருக்கும். தண்ணீர் வெளியே வருகிற வழியில் ஆற்றுத் தண்ணீர் உள்ளேயும் போகும், தூசியும் போகும். கழற்றி, உரசி, பாலியூரித்தேன் சீலன்ட் போட்டு ஒரு நாள் காயவைத்தோம். கூட வந்த கிளாம்ப் தகரம் மாதிரி இருந்ததால், போர்வெல் வண்டிக்குப் போடுகிற கனமான கிளாம்ப் வாங்கி மாட்டினேன். ஸ்நார்கெல் வாங்குகிற யாரும் இந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் பொருத்த விடாதீர்கள். பில்டர் டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். அது கிழிந்திருந்தால் மேலே எவ்வளவு உயரத்துக்குக் குழாய் வைத்தும் பிரயோஜனமில்லை.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் கிண்ணத் தலையோடு ஓட்டினேன். குவாரி ரோட்டில் மூன்று நாள், மொத்தம் 240 கிலோமீட்டர். நான்காம் நாள் கிண்ணத்தைத் திருகி எடுத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்தேன். 62 கிராம் தூசி. விரலால் எடுத்துத் தேய்த்தால் ரவை மாதிரி நறநறத்தது. அந்த ரவை அத்தனையும் முன்பு காகிதத்தில்தான் போய் அடைந்திருக்கும். மாவுத் தூசியைக் கிண்ணம் பிடிக்காது, அதைக் காகிதம்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ரவை மேலேயே நின்றுவிட்டதால் இரண்டு மாதம் கழித்தும் காகிதம் வெளிர் நிறத்திலேயே இருந்தது. வெள்ளைத் துணிச் சோதனையில் துணி வெள்ளையாகவே வந்தது. அன்று பட்ட நிம்மதிக்கே 19 ஆயிரம் கொடுக்கலாம்.

நெடுஞ்சாலையில் கிண்ணத் தலை சரிப்படாது. 90-ஐத் தாண்டினால் ஜன்னலோரம் ஊளையிடும், இழுவையும் கொஞ்சம் குறைகிற மாதிரித் தெரிந்தது. சேலம், பெங்களூரு போகும்போது சாதாரணத் தலையை மாட்டிக்கொள்கிறேன். அந்தத் தலையோடு புழுதிக்குள் மாட்டிக்கொண்டால் வாயைப் பின்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

மழை வந்த பிறகு தண்ணீர்ச் சோதனை. இதில் சொல்ல வேண்டியது அதிகம், ஏனென்றால் ஸ்நார்கெல் கொடுக்கிற தைரியம் ஆபத்தானது.

இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் 546 சிசி. டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக அழுத்தும். அப்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 36 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்றரை மூடி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த அளவுத் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் மேலே வர இடமில்லை, கனெக்டிங் ராடு வளையும் அல்லது உடைந்து பிளாக்கைக் கிழிக்கும். தண்ணீரில் வண்டி தானாக நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது என்பது இதனால்தான். இழுத்து வெளியே கொண்டுவந்து, பில்டர் நனைந்திருந்தால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

ஸ்நார்கெல் இருந்தால் எவ்வளவு ஆழம் போகலாம்? தாருக்குக் கம்பெனி சொல்வது 650 மில்லிமீட்டர். கம்பெனியிலேயே ஸ்நார்கெல் பொருத்தி வரும் ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700. வித்தியாசம் நான்கு விரல்கூட இல்லை. லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு ஸ்நார்கெல் இல்லாமலேயே 900. ஆல்டர்னேட்டர், மின் கனெக்டர், விசிறி, கதவு ரப்பர், வண்டியின் எடை எல்லாம் சேர்ந்துதான் ஆழத்தை முடிவு செய்கின்றன. காற்றுக் குழாயின் உயரம் அதில் ஒன்று, அவ்வளவே. ஸ்நார்கெல் போட்ட பிறகும் என் கணக்கு அதே 650-தான். அலையோ பள்ளமோ வந்தால் அது உயிர் காக்கும் உபரி.

ஏரி ஓரத்தில் கம்பு ஊன்றி, நடந்து பார்த்து, அரை மீட்டர் ஆழத்தில் ஆறு முறை ஓட்டினேன். லோ ரேஞ்சில் முதல் கியர், ஆள் நடக்கிற வேகம். பம்பருக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழுந்து கூடவே வரும், அதன் பின்னால் இன்ஜின் பக்கம் தண்ணீர் தாழ்ந்திருக்கும். அந்த அலையை முந்தக் கூடாது, பின்தங்கவும் கூடாது. பில்டர் டப்பாவுக்குள் ஒரு சொட்டு இல்லை.

ஆனால் பின் ஆக்சில் ஆயிலைத் திறந்தபோது பால் அதிகமாக ஊற்றிய காபி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மேலே காற்று போய்வர இருக்கும் சின்ன பிரீதர் மூடி வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. 19 ஆயிரத்துக்குக் குழாய் போட்ட நான், 600 ரூபாய் வேலையை விட்டுவிட்டேன். முன், பின் ஆக்சில் பிரீதர்களுக்கு ஓஸ் மாட்டி, பானெட்டுக்குள் உயரத்தில் கட்டி, நுனியில் சின்ன பில்டர் போட்டாயிற்று. மறுபடி ஏரியில் இறக்கிப் பார்த்தேன். ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கிறது. பணம் குறைவாக இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். அடுத்து நல்ல பில்டரும் ஓரத்து ரப்பரும். அதன் பிறகு கிண்ணத் தலை. குழாயை வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது.

ஓடுகிற வெள்ளத்தில் மட்டும் எந்தச் சோதனையும் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த பஸ், வேன், கார்களை வெள்ளம் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அவற்றின் இன்ஜின் ஓடவே இல்லை. தண்ணீர் தள்ளியது, டயர் தரையை விட்டது, அவ்வளவுதான். தரைப்பாலத்தின் மேல் கலங்கல் தண்ணீர் ஓடுகிறதென்றால் இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறேன்.

கியர்பாக்ஸ் பிரீதர் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கான ஓஸ் வாங்கி வைத்தாயிற்று. வரும் ஞாயிறு அண்ணன் பட்டறையில் அந்த வேலை.