'சார்ஜ்' எத்தனை சார்ஜ்?

'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கன்னடமாக்கச் சொன்னால், பெங்களூர் நாளிதழில் வேலை பார்ப்பவர் முதலில் அது எந்தச் செய்தியில் வந்தது என்றுதான் கேட்பார். நீதிமன்றம் என்றால் 'ஆரோப'. பணம் என்றால் 'சுல்க'. காலியான பதவியைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்பவர் 'பிரபார' அதிகாரி. போலீஸ் கூட்டத்தைக் கலைத்தால் 'லாட்டி பிரஹார'. தமிழில் இவை முறையே குற்றச்சாட்டு, கட்டணம், பொறுப்பு, தடியடி. செல்பேசிக்கு மட்டும் இரு மொழிக்காரரும் சார்ஜ்தான் போடுகிறோம்.

இதற்கெல்லாம் வழிகாட்ட அகராதி வேண்டும். அதில் கன்னடம் கொடுத்துவைத்த மொழி. ஃபெர்டினாண்ட் கிட்டல் 1894-இல் மங்களூரில் வெளியிட்ட கன்னட–ஆங்கில அகராதியில் சுமார் 70,000 சொற்கள். பழமொழிகளையும் இலக்கிய ஆட்சிகளையும் சேர்த்தே அவர் பொருள் சொன்னார். யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார' (1965) நாவலை 1976-இல் ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன், தலைப்பை மொழிபெயர்க்கவில்லை. அச்சொல்லுக்குக் கிட்டல் தந்த பொருள்களை நூலின் முகப்பிலேயே அச்சிட்டார். பண்படுத்துதலும் அதில் உண்டு, ஈமச்சடங்கும் உண்டு. நாரணப்பாவின் பிணத்தை யார் எரிப்பது என்ற கேள்வியில் தொடங்கி பிராணேசாச்சாரியாரின் மனத்தையே புரட்டிப்போடும் கதைக்கு, ஒரு பொருளை மட்டும் தேர்ந்திருந்தால் பாதி நாவல் போயிருக்கும். ராமானுஜன் செய்ததே சரி.

கிட்டலுக்குப் பின் பெரும் பெயர் ஜி. வெங்கடசுப்பையா (1913–2021). பெங்களூர் விஜயா கல்லூரி ஆசிரியர். கன்னட சாகித்ய பரிஷத்தின் எட்டுத் தொகுதி அகராதிக்குத் தலைமை வகித்தவர். ஆங்கில–கன்னட அகராதியும் தொகுத்தவர். ஆனாலும் நான் பெரிதாக மதிப்பது 'பிரஜாவாணி' நாளிதழில் அவர் எழுதிய 'இகோ கன்னட' பத்தியைத்தான். வாசகர் சந்தேகம் கேட்பார். அவர் அச்சொல்லின் வரலாற்றையும் வழக்கையும் காட்டிப் பதில் சொல்வார். தமிழில் 1992-இல் வந்த க்ரியா அகராதி, பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்து இதே நெறியில் நின்றது.

கணினித் துறை பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, மொழிக்கு மொழி இணைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்ட இண்டோவேர்ட்நெட் என்ற இத்தகைய தொகுப்பில் கன்னடமும் தமிழும் உண்டு.

முழு வாக்கியம் கிடைத்தால் இன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரம் 'சார்ஜ்' போன்றவற்றைப் பெரும்பாலும் சரியாகவே பிரிக்கிறது. சிக்கல் வேறிடத்தில். செயலிகளைக் கன்னடமாக்குபவருக்கு வருவது ஒற்றைச் சொற்களின் பட்டியல். 'ஓப்பன்' என்று ஒரு வரி. கட்டளை என்றால் 'தெரெ'; கடை திறந்திருக்கிறது என்றால் 'தெரெதிதெ'. தமிழிலும் 'திற' வேறு, 'திறந்துள்ளது' வேறு. அந்தச் சொல் எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் வருகிறது என்ற படத்தைப் பட்டியலோடு அனுப்பினாலே போதும். பெங்களூர் மென்பொருள் நிறுவனங்கள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.