'கிடைக்கவில்லை' என்றால் 'இல்லை' என்று அர்த்தமா? டொயோட்டா விசாரணை அறிக்கையை மறுபடி படித்தபோது

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்வார். நம் மெஷினில் ஓட்டிப் பார்ப்போம், வராது. 'எங்களிடம் இந்தப் பிழை வரவில்லை' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடலாம். நானும் மூடியிருக்கிறேன். அப்படி மூடிய ஒன்று நாலு மாதம் கழித்து, மாதக் கடைசி நெரிசலில், அதே வாடிக்கையாளரிடம் திரும்ப வந்து நின்றது. ரெண்டு த்ரெட் ஒரே நேரத்தில் ஒரே வேரியபிளைத் தொட்டால் மட்டும் வரும் பிழை. அந்த மனுஷன் முதல் நாள் சொன்னதே சரி.

டொயோட்டா கார்கள் தானாக வேகம் எடுத்ததாக வந்த புகார்கள் பற்றி அமெரிக்க அரசு நடத்திய விசாரணையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிக்கெட்தான் ஞாபகம் வருது. என் டிக்கெட்டில் போனது கொஞ்சம் பணம். அங்கே போனது உயிர்.

கதைச் சுருக்கம் இதுதான். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், சான் டியேகோ பக்கத்தில், ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி மோதி நாலு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான தரைவிரிப்பு ஆக்சிலரேட்டர் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டது காரணம் என்று சொல்லப்பட்டது. லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விரிப்புக்காக ஒரு ரீகால், மிதித்தால் மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும் பெடலுக்காக இன்னொன்று. ஆனாலும் எலக்ட்ரானிக்ஸ் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை. பழைய கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கேபிள் இருந்தது. இந்தக் கார்களில் அந்த இடத்தில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இருந்தன.

வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ., நாசாவின் உதவியைக் கேட்டது. நாசா பொறியாளர்கள் சுமார் பத்து மாதம் வேலை செய்தார்கள். 2,80,000 வரிகளுக்கு மேல் கோடு பார்த்தார்கள். கார்கள் மேல் மின்காந்த அலைகளைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட் அதை வெளியிட்டு, எலக்ட்ரானிக்ஸ் காரணம் இல்லை என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

என் முதல் விமர்சனம் இங்கேதான். நாசா அப்படிச் சொல்லவில்லை. ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. கிடைக்காததால் நடக்கவே முடியாது என்று ஆகிவிடாது என்றும் சேர்த்தே எழுதியது. பெடல் சென்சாரில் தகரம் முடி மாதிரி முளைத்து ஷார்ட் ஆவதையும் பதிவு செய்தது. ரெண்டு சென்சார் சிக்னலும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் சேர்ந்து கெட்டால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்காமல் போகலாம் என்றது. நிஜத்தில் அப்படி நடந்ததற்கு அறிகுறி இல்லை என்றும் சொன்னது. நேர்மையான எழுத்துங்க. அந்த நேர்மை அறிக்கையின் உள்ளேயே தங்கிவிட்டது, அமைச்சரின் மேடைக்கு வரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். வாகனப் பாதுகாப்பு அமைப்பு 58 கார்களின் விபத்துப் பதிவுக் கருவிகளைப் படித்தது. பெரும்பாலானவற்றில் பிரேக் மிதித்த பதிவே இல்லை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது நிஜமாகவே நடக்கிற விஷயம். 1980களில் ஆடி கார்கள் மேல் இதே புகார் எழுந்தபோதும், 1989-ல் வந்த அரசு ஆய்வு அதைத்தான் சொன்னது. நிறைய புகார்களுக்கு இதுவே விடையாக இருக்கலாம். ஆனால் நிறைய என்பது எல்லாம் ஆகாது.

2013 அக்டோபரில் ஓக்லஹோமா நீதிமன்றத்தில் 2005 கேம்ரி விபத்து வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. வாதிகள் தரப்பு நிபுணர் மைக்கேல் பார், நாசாவை விட அதிக காலம் அந்தக் கோடோடு உட்கார்ந்தவர். நினைவகத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி இருப்பதாக நாசா நம்பியது, அந்தக் காரில் அது இல்லை என்றார். ஸ்டாக் பயன்பாடு 41 சதவீதம் என்று டொயோட்டா சொல்லியிருந்தது, தன் கணக்கில் 94 சதவீதம் என்றார். ஒரு முக்கியமான டாஸ்க் செத்துப்போனால் த்ராட்டில் திறந்தபடியே நிற்கலாம், அதைக் கவனிக்க வேண்டிய வாட்ச்டாக் கவனிக்காது என்றார். ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தண்டனை இழப்பீடு எவ்வளவு என்று முடிவாகும் முன்பே சமரசம் ஆகிவிட்டது.

இதையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அந்தக் குறிப்பிட்ட காரில் அன்று இந்தப் பிழைதான் வந்தது என்று பாராலும் காட்ட முடியவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால் அது தடம் விட்டுட்டுப் போகாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. அரசு, 'எந்தப் பிழை இதைச் செய்தது, காட்டு' என்று கேட்டது. அவர், 'ஒரே ஒரு பழுது வந்தால் இந்த அமைப்பு தாங்குமா?' என்று கேட்டார். உயிர் சம்பந்தப்பட்ட கோடுக்கு ரெண்டாவது கேள்விதான் சரியான அளவுகோல் என்பது என் கட்சி.

ரெண்டாவது விமர்சனம் இன்னும் கசப்பானது. நாசா வேலை செய்த தகவலில் முக்கியமான பகுதி, விசாரிக்கப்படும் கம்பெனியே கொடுத்தது. பார் சொன்னது சரி என்றால், அதில் சிலது தப்பு. 2014 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறையோடு செய்த ஒப்பந்தத்தில் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. எதற்கு? தரைவிரிப்பு, ஒட்டும் பெடல் விஷயத்தில் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டு. எலக்ட்ரானிக்ஸ் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனா பாருங்க, கண்ணால் பார்க்கக்கூடிய விரிப்பு விஷயத்திலேயே மறைத்த கம்பெனியின் வார்த்தையை, கண்ணுக்குத் தெரியாத நினைவகத்துக்கு எப்படி அப்படியே எடுத்துக்கொள்வது? கார் கம்ப்யூட்டரைப் பிரித்து, சிப்பின் எண்ணைப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்திருக்கும்.

2012-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றக் குழு ஒன்று இந்த விசாரணையை மறுபார்வை செய்தது. விசாரணையை மூடியது நியாயம்தான் என்றது. கூடவே, வாகன எலக்ட்ரானிக்ஸைப் புரிந்துகொள்ளும் திறமையை என்.எச்.டி.எஸ்.ஏ. வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு முதல் பாதியில் சம்மதம் இல்லை. 'கிடைக்கவில்லை, திறந்தே வைத்திருக்கிறோம்' என்று ஒரு நிலை அரசு விசாரணைக்கும் இருக்கணும். அது இல்லாவிட்டால், பழி தானாக ஓட்டுநரின் கால் மேல் போய் விழும். செத்தவர் வந்து டிக்கெட்டை மறுபடி திறக்க முடியாது.